நெஞ்சுக்குழியும் அதன் பின்னால் துடிக்கும் இதயமும்: மருத்துவர் பதில்கள்

சென்ற மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "நெஞ்சில் குழி உள்ள பிள்ளைகளை ஒருமுறையாவது இதய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பிறந்தபோதே நெஞ்சின் நடுவில் லேசாகப் பள்ளம் இருந்தது. இந்த ஒன்றரை வருடத்தில் மளமளவென்று வளர்ந்தான், கூடவே பள்ளமும் ஆழமாகிவிட்டது. எண்ணெய் தேய்த்துவிடும்போது அதில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. கபடி ஆடிக்கொண்டிருந்தவன், மூச்சு வாங்குகிறது என்று இப்போது ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். யார் முன்னாலும் சட்டையைக் கழற்றுவதில்லை. பெங்களூரில் காட்டினோம். கம்பி வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். ஆனால் எக்கோவில் இதயம் நார்மல் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் இது வெறும் அழகுக்கான ஆபரேஷனா? செய்தால் மூச்சு வாங்குவது நிற்குமா?
(ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: அம்மா, உங்கள் பையனுக்கு மூச்சு வாங்குவது பொய்யல்ல, சோம்பலும் அல்ல. முதலில் அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

விலா எலும்புகள் நெஞ்செலும்போடு நேராகச் சேர்வதில்லை. நடுவில் குருத்தெலும்பு இருக்கிறது. அந்தக் குருத்தெலும்பின் வளர்ச்சி கோணும்போது அது நெஞ்செலும்பை உள்ளே தள்ளிவிடுகிறது. 300, 400 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். உயரம் கூடும் வயதில்தான் பள்ளம் வேகமாக ஆழமாகும். உங்கள் கண்ணில் பட்டதும் அதுதான்.

சரி, இதயத்துக்கு வருவோம். நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழ் அறை. நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்புகிற அறை. இடது அறையைப் போல் அதற்குத் தடித்த சுவர் கிடையாது, மெல்லியது. எலும்பு உள்ளே வந்து அமுக்கினால் முதலில் நெருக்கப்படுவது அதுதான். இதயமே கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கிவிடும். சும்மா படுத்திருக்கும்போது இதனால் பெரிய தொல்லை இல்லை. எக்கோ எப்போது எடுக்கிறார்கள்? பிள்ளை படுத்திருக்கும்போதுதான். கபடிக் களத்தில் ஓடும்போது ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் தள்ள வேண்டும். அதற்கு அந்த அறை முதலில் நன்றாக நிரம்ப வேண்டும். நிரம்ப இடம் போதவில்லை. அதனால் இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கிறது, ஒரு கட்டத்துக்கு மேல் அதற்கும் முடிவதில்லை. பையன் உட்கார்ந்துவிடுகிறான். எக்கோ தாளில் உள்ள 'நார்மல்' படுத்திருக்கும் இதயத்துக்கானது. சைக்கிள் மிதிக்க வைத்தோ டிரெட்மில்லில் ஓடவிட்டோ இதயத்தையும் மூச்சையும் சேர்த்து அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஆபரேஷனால் என்ன கிடைக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி. டென்மார்க்கில் இதே வயதுப் பிள்ளைகள் 49 பேரை சைக்கிள் மிதிக்க வைத்து அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, குழி இல்லாத 26 பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். முழு வேகத்தில் மிதிக்கும்போது, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ரத்தம் என்று கணக்கு. குழி உள்ளவர்களுக்கு 6.6 லிட்டர், மற்றவர்களுக்கு 8.1 லிட்டர். ஆபரேஷன் முடிந்து 3 ஆண்டுகள் ஆகி, கம்பியையும் எடுத்த பிறகு மறுபடி அளந்தபோது ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு 8.1, மற்றவர்களுக்கு 8.3. வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 2013-இல் வந்த ஆய்வு இது. இந்த எண்களை முதல்முறை படித்த அன்று வீட்டில் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டுச் சொன்னேன். ஏன் என்று அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

நுரையீரலில் இவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். குழி நெஞ்சுப் பிள்ளைகள் பலருக்கு நுரையீரல் அளவு கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து பார்த்ததில், ஒரே மூச்சில் இழுத்து விடக்கூடிய காற்று, அந்த வயதுக்கு இருக்க வேண்டிய அளவில் 88 சதவீதமாக இருந்தது, கம்பி எடுத்தபின் 93 ஆனது. நல்லதுதான், ஆனால் சிறிய மாற்றம். மூச்சு விடும் வேலையில் பெரும்பங்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் என்ற தசையுடையது, அது முன்பும் ஒழுங்காகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது. "நுரையீரல் இரண்டு மடங்கு விரியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பையனுக்கு மூச்சு வாங்குவது குறைந்தால், அதற்குப் பெரும்பாலும் இதயத்துக்குக் கிடைத்த இடம்தான் காரணம்.

ஆபரேஷன் தேவையா என்று முடிவு செய்ய சி.டி. ஸ்கேனில் ஓர் அளவு எடுப்பார்கள். நெஞ்சின் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுப்பது. ஹாலர் என்ற அறுவை மருத்துவர் 1987-இல் சொன்ன கணக்கு. சாதாரண நெஞ்சுக்கு 2.5 அளவில் வரும். 3.25-ஐத் தாண்டினால் பள்ளம் ஆழம் என்று அர்த்தம். உங்கள் மகனின் ஸ்கேன் தாளில் அந்த எண் இருக்கும், பாருங்கள். அந்த எண், ஓடவைத்த சோதனை, பையனின் மனசு, மூன்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மனசு என்று எழுதியதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கிணற்றில் எல்லாப் பையன்களும் குதிக்கும்போது சட்டையோடு கரையில் நிற்கும் பிள்ளை எதையோ இழந்துகொண்டுதான் இருக்கிறான்.

அவர்கள் சொல்லும் கம்பி, அமெரிக்காவில் டாக்டர் டொனால்ட் நஸ் 1987-இல் தொடங்கி, 10 வருட அனுபவத்தை 1998-இல் வெளியிட்ட முறை. இரண்டு அக்குளுக்கும் கீழே சின்னதாகக் கீறி, உள்ளே கேமராவில் பார்த்துக்கொண்டே, வில் போல் வளைத்த எஃகுக் கம்பியை நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் நுழைப்பார்கள். பிறகு அதைத் திருப்பினால் எலும்பு மேலே எழும்பும். தொய்ந்த பந்தலுக்கு அடியில் முட்டுக் கொடுப்பதுபோல. இரண்டு மூன்று வருடம் உள்ளேயே இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள்.

இதயத்தைத் தொட்டுக்கொண்டு போகிற கம்பி என்பதால் பழகிய கை வேண்டும். அபூர்வமாக என்றாலும், இதயத்தில் காயம் பட்ட சம்பவங்கள் உண்டு. கம்பி நகர்வது, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது, சீழ் பிடிப்பது, இவையும் உண்டு. "இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? வலிக்கு என்ன ஏற்பாடு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் சில நாள் வலி கடுமையானது. விலா நரம்பைக் குளிரவைத்து மரத்துப்போகச் செய்யும் முறை இப்போது வந்திருக்கிறது, அது அங்கே உண்டா என்றும் கேளுங்கள். இன்னொன்று: பையனுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ கவரிங் நகை, வாட்ச் பட்டை பட்டால் தோல் அரித்துப் புண்ணாகுமா? ஆகுமென்றால் அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. எஃகுக் கம்பியிலும் நிக்கல் இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால் டைட்டானியம் கம்பி வைப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த ஆபரேஷனுக்கு அங்கே செல்லுமா என்று கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. நெஞ்சில் குழி. எலும்பு இளசாக இருக்கும்போதே செய்துவிட்டால் சுலபம், வளர்ந்தபின் கஷ்டம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். இந்த மாங்காய் சீசன் முடிந்ததும் கையில் பணம் வரும், செய்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
(ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்)

பதில்: வேண்டாம். தயவுசெய்து இப்போது வேண்டாம்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் தம்பி. எனக்கு 8 வயது, அவனுக்கு 3. அவனுக்கும் நெஞ்சில் குழி. அப்பா கடன் வாங்கி ஒரு பெரிய நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அன்று கம்பி முறை வரவில்லை. 1949-இல் ராவிட்ச் என்பவர் விவரித்த திறந்த முறைதான்: நெஞ்சை நடுவில் திறந்து, கோணிய குருத்தெலும்புகளை வெட்டி எடுத்து, எலும்பை நிமிர்த்தி வைப்பது. அவனுக்கு இரண்டு பக்கமும் ஐந்தைந்து குருத்தெலும்பு எடுத்திருந்தார்கள். அந்த டிஸ்சார்ஜ் தாளை அம்மா புடவைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். நான் மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் அதில் எழுதியிருந்தது எனக்குப் புரிந்தது.

குழி போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தம்பி வளர வளர அவன் நெஞ்சு மட்டும் கூட வளரவில்லை. தோள் அகன்றது, கை கால் நீண்டது, நெஞ்சு குழாய் மாதிரி குறுகலாகவே நின்றது. கிணற்றடியிலிருந்து வீடு நாற்பது அடிகூட இருக்காது. பத்தாம் வகுப்பில் ஒரு குடம் தண்ணீரை எடுத்துவர நடுவில் இரண்டு முறை இறக்கி வைப்பான். குழி இருந்தபோது அவன் அப்படி மூச்சு வாங்கியதே இல்லை.

விலா எலும்பு நீளுவது அந்தக் குருத்தெலும்போடு சேர்கிற இடத்தில்தான். இளம் வயதில் அதை அதிகமாக வெட்டினால் வளர்ச்சி நின்றுபோகும், அந்த இடம் தழும்பாகி இறுகும், நெஞ்சு விரியாது. உள்ளே நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடம் கிடைக்காது. மேலே சொன்ன அதே ஹாலர், சின்ன வயதில் இப்படி விரிவாக அறுவை செய்யப்பட்டு நெஞ்சு இறுகிப்போன 12 பிள்ளைகளைப் பற்றி 1996-இல் எழுதினார். அதைப் படித்தபோதுதான் என் தம்பிக்கு நேர்ந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அன்று செய்த மருத்துவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்தக் காலத்தில் பல இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இன்று தெரிந்த பிறகும் அவசரப்படக் கூடாது. திறந்த முறையே தப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள். குருத்தெலும்பை மூடியிருக்கும், அதை மறுபடி வளரவைக்கும் உறையை விட்டுவைத்து, குறைவாக வெட்டி, சரியான வயதில் செய்தால் இன்றும் நல்ல முறைதான்.

இப்போது செய்ய வேண்டியது வேறு. பாப்பா இரவில் குறட்டை விடுகிறாளா, வாயால் மூச்சு விடுகிறாளா என்று பாருங்கள். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து அடைத்திருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளிழுக்கும், குழி இன்னும் ஆழமாகத் தெரியும். அதைச் சரிசெய்தாலே சில பிள்ளைகளுக்குக் குழி குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு எக்கோ எடுத்து வையுங்கள். வருடம் ஒருமுறை, பிறந்தநாளன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். ஆழம் கூடுகிறதா என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஆழமில்லாத குழிக்கு, நெஞ்சில் கவிழ்த்து வைத்து காற்றை உறிஞ்சி எலும்பை மேலே இழுக்கும் கிண்ணம் போன்ற கருவியும் இருக்கிறது. குழந்தை அறுவை மருத்துவர் சொன்னால் மட்டும் அதை வாங்குங்கள். மாங்காய்ப் பணத்தை பாப்பா பெயரில் போட்டு வையுங்கள். தேவைப்பட்டால் 12 வயதை ஒட்டி உதவும். தேவைப்படாமலே போகலாம்.

ஒரு விஷயம் எல்லாப் பெற்றோருக்கும். குழி நெஞ்சுப் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்தால் இதயத்தின் வலது ஓரம் மங்கலாகத் தெரியும், நிமோனியா போலவே இருக்கும். காய்ச்சலே இல்லாமல் அந்த எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மூன்று முறை ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு பெண் குழந்தையை என்னிடம் கூட்டிவந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது, "இவளுக்கு நெஞ்சில் குழி இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டாக்டரம்மா, என் மகளை என் மனைவியின் தம்பிக்கே கட்டிக்கொடுத்தேன். பேரனுக்குக் குழி நெஞ்சு. நான் செய்த தப்பால்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். எங்கள் ஊர் போர்த் தண்ணீரால் என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தூக்கமே இல்லை.
(ஒரு தாத்தா, பென்னாகரம் அருகே)

பதில்: ஐயா, இன்று இரவு தூங்குங்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், உண்மை. பல்லில் பழுப்புக் கறை விழுவதும், வயதானவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போவதும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே எடுங்கள். ஆனால் ஃபுளோரைடு நெஞ்செலும்பை உள்ளே தள்ளாது.

குழி நெஞ்சு குடும்பத்தில் வரக்கூடியதுதான். பத்துப் பேரில் நான்கு பேருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது. அசலில் பெண் எடுத்த குடும்பங்களிலும் அப்படியே வருகிறது. சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்கள் உண்டு, அவற்றைப் பற்றித் தனியாக எழுதுவேன். இதை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. உங்கள் மருமகனின் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், லேசாக அவருக்கும் இருக்கலாம்.

பேரன் வயதுக்கு மீறிய உயரமா? கை விரல்கள் நீளமாக, இரு கையையும் விரித்தால் உயரத்தைவிட அதிகமாக வருகிறதா? கண்ணாடி போட்டிருக்கிறானா? அப்படியென்றால் மார்ஃபான் என்ற நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். அதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் மெல்ல விரிந்துகொண்டே போகும். குழியைவிட அதுதான் கவலைப்பட வேண்டியது, எக்கோவில் தெரிந்துவிடும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் அவர்களே மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.

கேள்வி: என் 12 வயது மகளுக்கு நெஞ்செலும்பு புறா மாதிரி முன்னால் துருத்தியிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்தா? ஆபரேஷன் உண்டா?
(ஒரு தாய், அரூர்)

பதில்: எலும்பு வெளியே போகிறதே தவிர உள்ளே அமுக்குவதில்லை. அதனால் பெரும்பாலும் இதயம் நெருக்கப்படுவதில்லை. இந்த வயதில் நெஞ்சு இன்னும் வளைந்துகொடுக்கும், பெல்ட் போல அழுத்தும் பட்டை ஒன்று அளவெடுத்துச் செய்வார்கள். தினமும் பல மணி நேரம், மாதக்கணக்கில் போட வேண்டும். பொறுமையாகப் போடும் பிள்ளைகளில் பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகிறது. பள்ளிச் சீருடைக்கு உள்ளேயே போடலாம், வெளியே தெரியாது. கால் வளைவு, மணிக்கட்டு தடித்திருப்பது ஏதும் இருந்தால் வைட்டமின் டி-யையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. நெஞ்சில் கம்பி வைத்து 7 மாதம் ஆகிறது. குழி போய்விட்டது, ரொம்ப சந்தோஷம். ஆனால் ஊதிப் பார்க்கும் டெஸ்டில் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட அளவு குறைந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. கிரிக்கெட் ஆடலாமா?
(ஒரு மாணவன், ஓசூர்)

பதில்: தம்பி, பயப்படாதே. உன் நெஞ்சுக் கூட்டுக்குள் ஒரு எஃகு வில் இருக்கிறது. அது இருக்கும்வரை கூடு முழுசாக விரியாது, அதனால் ஊதும் அளவு கொஞ்சம் இறங்கும். கம்பியை எடுத்தபின் பெரும்பாலானவர்களுக்கு அது பழைய அளவைத் தாண்டிப் போகும். இதயத்துக்கு இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஓடிப் பார்த்தால் உனக்கே தெரியும்.

மூன்று பந்து உள்ள அந்த மூச்சுக் கருவியைப் பரணில் போட்டிருந்தால் எடு. காலையில் பத்து, மாலையில் பத்து தடவை. முதுகைக் கூனாதே. குழி இருந்த காலத்தில் அதை மறைக்கத் தோளை முன்னால் வளைத்து நின்ற பழக்கம் இன்னும் உன்னிடம் இருக்கும். என் தம்பிக்கு அது இப்போதும் இருக்கிறது. கிரிக்கெட் ஆடலாமா என்பதற்கு உன் சர்ஜன் எழுதிக்கொடுத்த தேதிதான் பதில். அவர் சரி என்றபின் பந்து போடு, ஓடு. ஆனால் நெஞ்சில் நேராக அடிபடும் ஆட்டங்களை கம்பி எடுக்கும்வரை அவரைக் கேட்காமல் ஆடாதே. திடீரென்று மூச்சு முட்டினாலோ, காய்ச்சலோடு நெஞ்சு வலித்தாலோ, கம்பி நகர்ந்தது போலத் தோன்றினாலோ அன்றைக்கே போய்க் காட்டு.

இன்னும் ஒன்று. "நெஞ்சில் எஃகுக் கம்பி உள்ளது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, வைத்த தேதியோடும் சர்ஜனின் போன் நம்பரோடும் ஒரு அட்டை உன் பர்ஸில் இருக்கட்டும். எப்போதாவது நீ மயங்கி விழுந்து நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய நேர்ந்தால், கம்பி இருப்பதால் வழக்கத்தைவிட பலமாக அழுத்த வேண்டும். மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளில் ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் ஒட்ட வேண்டும். இதையும் அந்த அட்டையில் எழுதிவை, உன் பி.டி. வாத்தியாரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடு. கம்பி எடுத்து ஆறு மாதம் ஆனதும் அதே டெஸ்டை மறுபடி ஊது. இரண்டு தாளையும் எனக்கு அனுப்பிவை தம்பி, என் தம்பியிடமும் காட்ட வேண்டும்.